பூவைத் தொடாதே என்று பலகை நடுவதற்கு முன்: பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயா, சபை உறுப்பினர்களே, தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஐயா (நாங்கள் இன்னும் தொரை என்றுதான் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம்), கோயில் கமிட்டி அண்ணாமாரே,

வணக்கம். சபையின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இதில் எழுதவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால், முன்பு மானாப்புல்லும் உடைந்த தகரமும் மண்டிக் கிடந்த அந்த இருபது பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) நிலத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மூன்று வருடமாக அங்கே நம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) அம்மாமார் போஞ்சியும் கோவாவும் போடுகிறார்கள், பிள்ளைகள் ஓரத்தில் விளையாடுகிறார்கள், முன்பள்ளி டீச்சர் என்ற முறையில் நானும் நிற்கிறேன். அதைச் சிறுவர் பூங்கா ஆக்கப் போகிறீர்கள் என்று கடந்த கிழமைதான் தெரிந்தது. திட்டத்தாளை ஒருவர் என் போனுக்குப் படமாக அனுப்பியிருந்தார்.

பார்த்தேன். சுற்றிவர வலைக்கம்பி வேலி. நடுவில் இன்டர்லொக் கல். இரண்டு சறுக்கு. ஒரு சீமெந்து மான், ஒரு சீமெந்து முயல். ஓரத்தில் புல்வெளி, அதில் நடக்கக்கூடாது என்று ஒரு பலகை. பூப்பாத்தி, அதைத் தொடக்கூடாது என்று இன்னொரு பலகை. வாசலில் எல்லாவற்றையும்விடப் பெரிய பலகை, அதில் யார் யார் பெயர் வரும் என்பது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முயலின் கையில் ஒரு கரட் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் உண்மையான கரட் போட்டிருக்கிற பாத்தியின் மேல்தான் அந்த இன்டர்லொக் வருகிறது, அதை யாராவது கவனித்தீர்களா தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று காசு ஒதுக்கியதை எங்கள் பக்கத்தில் நான் இதுவரை கண்டதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை எழுதவே கூச்சமாக இருந்தது, கொடுக்க வந்த கையைத் தட்டிவிடுகிறாள் என்று ஊர் சொல்லும். தட்டிவிடவில்லை. பூங்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் கைவைத்து உண்டாக்கிய இடத்தை, பிள்ளைகள் கைவைக்கக்கூடாத இடமாக மாற்றிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த இடம் எப்படி உண்டானது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், சாமிப்படம், டிவி, பள்ளிக்கூடப் பை எல்லாம். இஸ்தோப்பில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் படியில்தான். புதிய வீடு கிடைத்தவர்களுக்கும் மொத்தமே ஏழு பேர்ச். காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகிற அம்மா பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எங்கே போகும்? ரோட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் போனுக்குள் போகும். அம்மாமார் மரக்கறி போடத் தொடங்கியபோது பிள்ளைகளும் பின்னாலேயே வந்து நாற்றை மிதித்தார்கள். திட்டிப் பார்த்தும் போகாததால் ஒரு அக்கா, "இந்தா, இந்த மூலை ஒங்களுக்கு, இங்கன என்னா வேணும்னாலும் பண்ணுங்க, எங்க பக்கம் வராதீங்க" என்று கயிறு கட்டிக் கொடுத்தார். எந்தத் திட்டமும் கிடையாது. அந்தக் கயிற்றில் தொடங்கியதுதான் எல்லாம்.

நடுவில் ஒரு மூங்கில் கம்பு நிற்கிறதே, அதைத் திட்டத்தாளில் கொடிக்கம்பம் என்று குறித்திருக்கிறீர்கள். அது எங்கள் மணிக்கூடு. காலையிலிருந்து மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் பிள்ளைகள் ஒரு கல் வைப்பார்கள். கல்லுக்கெல்லாம் பழைய பெயின்டில் முகம் வரைந்திருக்கிறார்கள், பத்து மணிக் கல் தூங்குமூஞ்சி, பன்னிரண்டு மணிக் கல்லுக்கு வாய் திறந்திருக்கும், பசியாம். இலங்கையின் நடுப்பகுதி பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை அளவில் வடக்கே இருப்பதால், வருடத்தில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். முதல்முறை ஏப்ரல் 7, 8 அளவில், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முந்தி, பிள்ளைகளுக்கு லீவும் கிடைக்கிற நேரம். அன்றைக்குப் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடத்தில் கம்பின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்புக்குள்ளேயே போய்விட்டது. பிள்ளைகள் ஒற்றைக்காலைத் தூக்கித் தூக்கித் தங்கள் நிழலைத் தேடினார்கள், அடுக்களையிலிருந்த பாட்டிமாரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார்கள். அறுபது வருடம் இந்த மலையில் வெயிலில் நின்ற ஒரு பாட்டி, "இத்தன நாளு கொழுந்து எடுத்தேன், ஒரு நாளு கீழ குனிஞ்சி பாக்கலயே" என்றார். செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் இப்படி வரும் என்று சொல்லியிருந்தேன். அந்த நாளில் பார்த்து ஒரே முகில், மழை. நான் பொய் சொன்னதாக ஒரு பையன் இன்னமும் நம்புகிறான்.

அடுத்தது ஹைட்ரேஞ்சியா. நம் பக்கத்தில் பங்களா வாசலில் எல்லாம் குண்டு குண்டாக நீலத்தில் பூக்குமே, அந்தச் செடி. டவுனில் ஒரு வீட்டில் அதே பூவை ரோசா நிறத்தில் பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, "நம்ம பூவுக்கு யாரு டீச்சர் நீலம் போட்டா?" என்று கேட்டாள். தேயிலைக்குப் பிடித்தது புளித்த மண், அமில மண். அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அதுதான் பூவை நீலமாக்குகிறது. மண்ணின் புளிப்பைக் குறைத்தால் நிறம் மாறும். புளிப்பைக் குறைக்கத் தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் தோட்டத்து ஸ்டோரில் மூட்டையாக இருக்கிறது, தொரை ஐயா, உங்கள் அனுமதியில்லாமல் இரண்டு சிரட்டை எடுத்தோம், இப்போது சொல்லிவிட்டேன். ஒரு செடிக்குப் போட்டோம், பக்கத்துச் செடிக்குப் போடவில்லை. இடையில் ஒரு பிள்ளை பொறுமையில்லாமல் சிவப்புச் சாயத்தை ஊற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை பூத்தபோது டொலமைட் போட்ட செடி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. முழு ரோசா இன்னும் ஆகவில்லை. "பூக்களைத் தொடாதீர்" பலகை சரியாக அந்த இரண்டு செடிக்கும் முன்னால்தான் வருகிறது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கோயிலில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு மஞ்சள் தண்ணீரில் சுவர் முழுக்கப் படம் வரைந்து, சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்ட விரலால் அதன் மேல் கோடு இழுத்தார்கள். மஞ்சள் யானைக்குச் சிவப்புத் தும்பிக்கை வந்தது. அது கோயில் மதிலின் பின்பக்கம் என்பதுதான் பிரச்சினை. கமிட்டி அண்ணாமாரே, அதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று, கழுவியும் கொடுத்தாயிற்று, தும்பிக்கை மட்டும் போகவில்லை.

தண்ணீர் விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். பீலியிலிருந்து வழிகிற தண்ணீரைப் பிளந்த மூங்கிலில் வாங்கி, மூலைக்கு மூலை திருப்பி, தகரத்தில் விழவைத்து, கடைசியில் போஞ்சிப் பாத்திக்குக் கொண்டுபோகிறார்கள். தினமும் அமைப்பு மாறும். நேற்று ஓடிய வழியில் இன்று ஓடாது. தொடக்கத்தில் செங்குத்தாக வெட்டினார்கள், தண்ணீர் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்ப் பாத்தியை மூடியது. தேயிலை மலையில் கான் (மழைநீர் வடிகால்) வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கி வந்து, கானை மலைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும், இடையிடையே சின்ன அணை விட வேண்டும், தண்ணீர் அதில் தங்கி மண்ணைக் கீழே போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு வழிய வேண்டும் என்று காட்டினார். அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலையை யாரும் அவரிடம் கேட்டுப் படித்ததில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அந்த மலையின் மக்கள்தான் நாமும். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நம் பிள்ளை பத்து வயதில் கையால் தோண்டித் தெரிந்துகொள்வதை விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா?

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "நாங்கதான் தகரத்தோடயும் டயரோடயும் வளந்தோம். நம்ம புள்ளைங்களாவது டவுன் புள்ளைங்க மாதிரி சறுக்குல வெளையாடட்டும். தோட்டத்தான் புள்ளைன்னா குப்பையிலதான் வெளையாடணுமா?" இந்தக் கேள்விக்கு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான், அந்த வலி எனக்கும் இருக்கிறது. நல்லது எல்லாம் டவுனுக்கு, மிச்சம் மீதி நமக்கு என்றே பழகிவிட்டதால், பளபளப்பாக ஒன்று வரும்போது அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அண்ணே, சறுக்கு வரட்டும், நல்ல சறுக்காக வரட்டும், நானே முதலில் சறுக்கிக் காட்டுகிறேன். ஆனால் சறுக்கில் ஏறி இறங்கப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் பிள்ளை என்ன செய்யும்? சுற்றுலா என்று டவுனில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். டிக்கெட் எடுத்து உள்ளே போய், வரிசையில் நடந்து, பூவைப் பார்த்து, வரிசையில் வெளியே வந்தோம். ஒரு பிள்ளை இலையொன்றைத் தடவிப் பார்த்ததற்கு விசில் அடித்தார்கள். திரும்பி வந்து படம் வரையச் சொன்னபோது அந்தப் பிள்ளை வரைந்தது விசிலைத்தான்.

தகரமும் உடைந்த பீங்கானும் ஏழையின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு கதை சொல்கிறேன். டென்மார்க்கில் சோரன்சன் என்று ஒரு பூங்கா வடிவமைப்பாளர். அழகழகாக விளையாட்டு மைதானம் கட்டிக் கொடுத்தவர். பிள்ளைகளோ அதை விட்டுவிட்டு வீடு கட்டுகிற இடங்களில் கிடக்கும் பலகையையும் செங்கல்லையும் வைத்தே விளையாடுவதைக் கண்டார். 1943இல், நாடு ஜெர்மன் படையின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் எம்ட்ரப் என்ற இடத்தில் பழைய சாமான்களைக் கொட்டி, ஒரு பெரியவரைப் பொறுப்பாக வைத்து, பிள்ளைகளே கட்டி உடைத்து விளையாடும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்து அதைப் பார்த்துத் தானும் செய்தது. தான் செய்தவற்றில் பார்வைக்கு அசிங்கமானது அதுதான், ஆனால் தனக்கு அதுவே அழகானது என்று சோரன்சன் பின்னாளில் சொன்னாராம்.

மற்றக் கதை சபைக்காரர்களுக்கு. இந்தியாவில் சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு வீதிப் பரிசோதகர், அரசாங்க உத்தியோகத்தர். வேலை முடிந்ததும் உடைந்த பீங்கான், வளையல் துண்டு, ஆற்றுக்கல் எல்லாம் சேர்த்துக்கொண்டுபோய், காட்டுக்குள் கட்டடம் எழுப்பக்கூடாத அரசாங்க நிலத்தில் யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்காகச் சிலையும் பாதையும் கட்டினார். எழுபதுகளின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அவருக்குச் சம்பளமும் கொடுத்து ஐம்பது வேலையாட்களையும் கொடுத்தார்கள். உலகமெங்குமிருந்து இன்றும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த அதிகாரிகளின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் டென்மார்க் வரை போகவும் தேவையில்லை. மாசி மாதம் நம் பொட்டலில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கிறதே, அதில் யார் பார்வையாளர், யார் நடிகர் என்று கோடு போட்டிருக்கிறதா? தப்பு அடிக்கிறவர் பக்கத்து லயம், ரதி வேஷம் கட்டியவர் நேற்றுவரை பவுசரில் வேலை செய்தவர், வீரபத்திரன் ஓடிவரும்போது பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறி, அடுத்த நிமிடமே அவன் பின்னால் ஓடுகிறார்கள். அந்தப் பொட்டலைச் சுற்றி வலைக்கம்பி அடித்து, கூத்தைத் தொடாதே, தூர நின்று பார் என்றால் கமிட்டி அண்ணாமார் சும்மா இருப்பீர்களா?

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் நாங்களும் பிழை விட்டிருக்கிறோம். மழைச் சத்தம் கேட்க என்று பால்மா டின்களைக் கூரை ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், பெருமழையில் கேட்டால் தப்பு செட் மாதிரியே இருக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார், டின்னிலும் டயரிலும் தண்ணீர் தேங்கி நுளம்பு வருகிறது என்று கண்டித்தார். அவர் சொன்னது சரி. இப்போது எல்லா டின்னுக்கும் அடியில் ஆணியால் ஓட்டை, டயர்களைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துவிட்டோம், வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பிள்ளைகள் நுளம்பு பொலிஸ். மருந்து கேன், புல்லு மருந்துப் போத்தல் எதையும் உள்ளே எடுப்பதில்லை, எத்தனை தடவை கழுவியிருந்தாலும் எடுப்பதில்லை. மேல் பக்கம் நிற்கிற டர்பன்டைன் மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது. அதைப் பற்றி நிர்வாகத்துக்கு நான் இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை. பாதுகாப்பு என்று வேலி போடக் காசு இருக்கிறது என்றால், முதல் காசு அந்தக் கூட்டுக்குப் போகட்டும். கொழுந்து எடுக்கிற அம்மாமார் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற தோட்டங்களில் இருந்துகொண்டு, பிள்ளை கீழே விழுந்து முழங்கால் உரசுவதைப் பற்றி முதலில் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

அப்புறம், சட்டம். சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1991இல் சேர்ந்தது. அதன் 31ஆம் உறுப்புரை விளையாட்டையும் கலையையும் ஒன்றாகவே பிள்ளையின் உரிமை என்கிறது, 12ஆம் உறுப்புரை பிள்ளையைப் பாதிக்கிற விடயத்தில் பிள்ளையிடம் கேள் என்கிறது. இந்தத் திட்டத்தாளைப் போடுமுன் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டீர்கள்? நான் கேட்டேன். மான் வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர். மான் மேல் ஏறலாமா என்று கேட்டார்கள், தெரியாது என்றேன், இரண்டு பேர் கையை இறக்கிவிட்டார்கள்.

அந்தக் காசில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள், சொல்கிறேன். கீழ்ப்பக்கம் மண்ணைத் தாங்குகிற அணைச்சுவர் மழைக்குப் பிதுங்கி நிற்கிறது, அதைக் கருங்கல்லால் கட்டித் தாருங்கள், அதுதான் பெரிய செலவு, அதற்குத்தான் எங்களால் வழியில்லை. தண்ணீர்க் குழாயோடு ஒரு கழிப்பறை. வைகாசி ஆனி மழையில் ஒதுங்க நாலு தூண் வைத்த தகரக் கொட்டகை, தகரம்தான் வேண்டும், மழை கேட்கும். ஒரு லொறி மணல். பிள்ளை கைக்கு அடங்குகிற மண்வெட்டி பத்து. பின்னேரம் மூன்று மணிநேரம் நின்று பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சின்னக் கொடுப்பனவு, கான் வெட்டிய தாத்தாவையே கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டாலும் வருவார், அதற்காகக் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நிர்வாகம் ஒரு கடிதம் தர வேண்டும், இத்தனை வருடத்துக்கு இந்த நிலம் பிள்ளைகளுக்கு என்று, கையெழுத்தும் முத்திரையும் வைத்து. இப்போது இருப்பது வாய்வார்த்தை மட்டும், தொரை மாறினால் அதுவும் மாறும். பெயர்ப் பலகையும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, எழுத்தை மட்டும் பிள்ளைகள் வரையட்டும். மூன்று கல் வைத்தால் அடுப்பு, அதையே அப்படியே பார்த்தால் ஃ என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள், உங்கள் பெயரையும் கல்லிலேயே எழுதித் தருவார்கள். எழுத்துப்பிழை இருக்கலாம்.

ஒப்பந்தம் கொடுக்குமுன் ஒரு தடவை நேரில் வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். வாகனத்தைக் கோயிலடியில் விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையால் இறங்கினால் ஐந்து நிமிடம். சப்பாத்தைக் கழற்ற வேண்டிவரும், மூங்கில் தண்ணீர் காலில்தான் விழும். கானோரம் அட்டை இருக்கிறது, சவர்க்காரத் துண்டு ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவர வேண்டுமாம், முகம் வரையப் பிள்ளைகள் இப்போதே பெயின்ட் கரைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் முன்பள்ளி டீச்சர்